தொப்பிக்குத் திறக்கும் கதவு

வெள்ளைக்காரர்களின் நியாயத்தில் பட்டாபிராமனுக்கு இருந்த நம்பிக்கை வெள்ளைக்காரர்களுக்கே இருந்திருக்குமா என்பது சந்தேகம். கல்கத்தாவில் ஹார்க்கர் டன்ஸ்டன் என்ற சணல் கம்பெனியில் கடைசி நாற்காலிக் குமாஸ்தாவாகச் சேர்ந்து, தலைமைக் கணக்கர் வரை உயர்ந்தவர் அவர். அதற்குத் தன் உழைப்பு காரணம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. சாம்ராஜ்யத்தின் நீதி என்று நினைத்தார். காளிகாட்டில் கோயிலுக்குப் பின்புறச் சந்தில் மாடிக் குடித்தனம். சாயங்கால வேளைகளில் அண்டை வீட்டு வங்காளிகள் கூடிச் சீமைத் துணியைக் கொளுத்தவேண்டும் என்று பேச ஆரம்பித்தால், எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார்.

"ரூல்னா ரூல்தான். அவாகிட்ட ரூல் இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு? கூச்சல்தான் இருக்கு" என்பார்.

"ஜன்னலைத் திறங்கோ, புழுங்கறது" என்பாள் மனைவி பாகீரதி.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் வால்டேர் கிளையின் கணக்குகளைத் தணிக்கை செய்ய அவரை அனுப்புவதென்று கம்பெனி தீர்மானித்தது. தலைமைக் கணக்கருக்கு முதல் வகுப்புப் பிரயாணம் உண்டு என்று பங்குதாரர் டன்ஸ்டன் துரையே தன் வாயால் சொன்னார். பட்டாபிராமன் அன்று வீட்டுக்கு நடந்து வந்தாரா, மிதந்து வந்தாரா என்று பாகீரதிக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுடைய தங்கை வால்டேரில் பிரசவத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாகீரதியும் உடன் புறப்பட்டாள். அவளுக்கும் முதல் வகுப்பிலேயே டிக்கெட் வாங்கினார். தருமதல்லா தையற்காரனிடம் தமக்கு இரண்டு கால்சராய் தைத்துக்கொண்டார். "கிடங்குகளைச் சுற்றிப் பார்க்கவேண்டிவரும், வெயிலுக்கு ஒரு சோலா தொப்பி வாங்கிக்கொள்" என்று துரை சொல்லியிருந்ததால் துரைமார் போடுகிற அந்தத் தக்கைத் தொப்பியையும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். தலையில் என்னவோ வழக்கமான தலைப்பாகைதான்.

ஹூக்ளி ஆற்றின் மிதவைப் பாலத்தைக் கப்பல்களுக்காகத் திறந்துவிட்டால் வண்டிகள் இக்கரையிலேயே காத்துக்கிடக்கவேண்டும். அதற்குப் பயந்து காலையிலேயே குதிரை வண்டி பிடித்துவிட்டார். அன்றைக்குப் பார்த்துப் பாலம் திறக்கவில்லை. மாலை மெயிலுக்கு உச்சிப்பொழுதுக்கு முன்பே அக்கரை ஸ்டேஷனில் போய் இறங்கினார்கள். போதாக்குறைக்கு, முந்தின நாள் அடித்த கோடைப் புயலில் தண்டவாளத்தின் மேல் மரங்கள் விழுந்திருப்பதாகவும், மெயில் எப்போது புறப்படும் என்று சொல்வதற்கில்லை என்றும் தெரியவந்தது.

பட்டாபிராமன் வருந்தவில்லை. முதல் வகுப்பு வெயிட்டிங் ரூமில் எத்தனை நேரம் உட்கார முடியுமோ அத்தனை நேரம் உட்காரத்தான் அவர் வந்திருந்தார்.

பெண்கள் அறை வாசலில் பாகீரதியை விட்டுவிட்டு, மீசையை ஒருமுறை ஒதுக்கிக்கொண்டு, ஆண்கள் அறைக்கு நடந்தார். கதவு பளபளவென்று மெருகேறியிருந்தது. 'முதல் வகுப்பு, கனவான்கள்' என்று இங்கிலீஷில் பலகை. உள்ளே கூரையில் கயிறு கட்டிய பங்கா விசிறி அசைவதும், கால் நீட்டிக்கொள்ள மரக்கைகள் நீண்ட சாய்வு நாற்காலிகளும், பளிங்கு மேஜையின் மேல் ஐஸ் வாளியும் வாசலிலிருந்தே தெரிந்தன. பித்தளை வில்லை போட்ட சேவகன் ஒருவன் குறுக்கே கையை நீட்டினான்.

"பாபு, அந்தப் பக்கம்."

பட்டாபிராமன் டிக்கெட்டை நீட்டினார். சேவகன் டிக்கெட்டைப் பார்க்கவில்லை. தலைப்பாகையைப் பார்த்தான்.

"முதல் வகுப்புதான் பாபு. அந்தப் பக்கமும் முதல் வகுப்புதான்."

அந்தப் பக்கம் என்பது தாழ்வாரத்தின் கோடி. பார்சல் ஆபீசைத் தாண்டி, சாமான் தூக்கிகள் பீடி குடிக்கிற மூலையையும் தாண்டி, 'முதல் வகுப்பு, இந்தியக் கனவான்கள்' என்று இன்னொரு பலகை தொங்கியது. பட்டாபிராமன் தம் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எங்கேயும் இந்தியன் என்று அச்சடித்திருக்கவில்லை. பணம் வாங்குகிறபோதும் யாரும் அதைக் கேட்கவில்லை.

இருந்தாலும் ரூல் ரூல்தானே. உள்ளே போனார்.

அந்த அறையிலும் குறை என்று ஒன்றும் சொல்லிவிட முடியாது. அங்கே இருந்த ஒவ்வொன்றுக்கும் இங்கேயும் ஒரு பிரதிநிதி இருந்தது. அங்கே சாய்வு நாற்காலிகள், இங்கே சாய்ந்த நாற்காலி ஒன்று. அங்கே ஆளுயர நிலைக்கண்ணாடி, இங்கே அதன் சட்டம். பங்காவும் இருந்தது. அதை இழுக்கிற கயிற்றைச் சுவரில் ஆணியடித்துக் கட்டியிருந்தார்கள். சக்கரவர்த்தியின் படம் மட்டும் இரண்டு அறையிலும் ஒரே அளவு.

அறையின் ஒரே நல்ல பெஞ்சில், லுங்கியும் நீண்ட சட்டையும் போட்ட பருத்த மனிதர் ஒருவர் வெற்றிலை மென்றபடி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பட்டாபிராமனைக் கண்டதும் மூட்டையை நகர்த்தி இடம் பண்ணினார். "வாருங்கள் பாபு, உட்காருங்கள். எனக்குத் தோல் வியாபாரம். கட்டக் வரைக்கும் போகிறேன். நீங்கள்?" என்று ஹிந்துஸ்தானியில் விசாரித்தார்.

தோல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பட்டாபிராமனுக்கு மூக்கில் இல்லாத வாசனையெல்லாம் ஏறியது. திரும்பி வெளியே வந்து, அந்த வாசலில் தூங்கிக்கொண்டிருந்த கிழச் சேவகனைத் தட்டி எழுப்பினார்.

"உள்ளே இருக்கிற ஆளிடம் முதல் வகுப்பு டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தாயா? யாரை வேண்டுமானாலும் உள்ளே விட்டுவிடுவதா? இதற்கெல்லாம் ஒரு முறை கிடையாதா?"

கிழவன் உள்ளே போனான். வியாபாரி சிரித்துக்கொண்டே டிக்கெட்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். அது பட்டாபிராமனுடைய டிக்கெட்டின் கூடப்பிறந்தது போல இருந்தது.

முதல் வகுப்புக்கு இப்படி ஒரு கதியா என்று பட்டாபிராமனுக்கு நெஞ்சு கொதித்தது. ஒரு கனவான் இன்னொரு மாதிரி மனிதரோடு ஒரே அறையில் உட்காரும்படி கட்டாயப்படுத்துவது எந்த ஊர் நியாயம்? இதே எண்ணத்தில்தான் அந்த இன்னொரு அறைக்கும் பலகை மாட்டியிருக்கிறார்கள் என்பது அப்போது அவர் புத்தியில் தட்டவில்லை. தாழ்வாரத் தூணுக்குப் பின்னால் பெட்டியைத் திறந்தார். தலைப்பாகையை உள்ளே வைத்தார். குடுமியை இறுக்கி முடிந்து, சோலா தொப்பியை எடுத்து அதன்மேல் கவிழ்த்துக்கொண்டார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபோது விபூதியும் சேர்ந்து போயிற்று. வேர்வையில் அது ஏற்கெனவே பாதி கரைந்துதான் இருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுபடியும் அந்த மெருகேறிய கதவுக்குப் போனார். பித்தளை வில்லைக்காரன் தொப்பியைப் பார்த்தான். சடாரென்று நிமிர்ந்து கதவைத் திறந்தான்.

"சலாம், சாஹிப்."

அவரைவிட நிறத்தில் இரண்டு மாற்றுக் குறைந்த ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர்கள் எத்தனையோ பேர் தொப்பியோடு அந்தக் கதவைத் தாண்டியிருப்பார்கள். சேவகனுக்குத் தெரிந்த ரூல் தொப்பி வரைக்கும்தான்.

சாய்வு நாற்காலியில் மெள்ளச் சாய்ந்து, மரக்கைகளின்மேல் கால்களை நீட்டினார். தலைக்குமேல் பங்கா வீசியது. சோடா கொண்டுவரச் சொன்னார். குண்டு போட்ட சோடா இயந்திரத்தில் அடைப்பது, அதற்குத் தீட்டில்லை என்று கல்கத்தாவுக்கு வந்த புதிதிலேயே அவர் முடிவுகட்டியிருந்தார். ஐஸ் விஷயம் இன்னும் ஆலோசனையில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, இதுவல்லவோ நாகரிகம் என்று அனுபவித்தார்.

அந்த அனுபவம் கொஞ்ச நேரந்தான் நீடித்தது. கண்ணைத் திறந்தால், எதிரே உட்கார்ந்திருந்த கிழத் துரை ஒருவர் அவருடைய தொப்பியையே முறைத்துக்கொண்டிருந்தார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர் போலும், முகம் இஞ்சித் துண்டு மாதிரி இருந்தது. அறையில் இன்னும் நாலைந்து துரைகள் இருந்தார்கள். ஒருவர் முகத்தில் செய்தித்தாளைக் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார். எல்லோருடைய தொப்பியும் சுவர்க் கொக்கிகளில் தொங்கியது. கூரைக்குக் கீழே தொப்பி போட்டிருந்தவர் பட்டாபிராமன் ஒருவர்தான்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உள்ளே வருவதற்குத் தொப்பி வேண்டும். வந்தபிறகு கனவானாக இருக்கவேண்டுமானால் அதைக் கழற்றவேண்டும். கழற்றினால் கனவான் இல்லை.

"கழற்றி மாட்டலாமே. இங்கே வெயில் அடிக்கவில்லை" என்றார் கிழத் துரை.

"டாக்டர் உத்தரவு, ஐயா. தலையில் காற்றுப்படக் கூடாது."

"ஐயோ பாவம். என்ன கோளாறு?"

பட்டாபிராமன் அவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கவில்லை. "பின்மண்டையில் ஒரு கட்டி" என்றார். இங்கிலீஷில் அது முழுப் பொய். தமிழில் பாதி உண்மை, குடுமியை அவர் கட்டித்தான் வைத்திருந்தார்.

"வெகு நாளாகவா?"

"சிறு வயதிலிருந்தே."

"அடடா! அறுத்து எடுத்துவிடலாமே? ஜெனரல் ஆஸ்பத்திரியில் கெட்டிக்கார ஆள் ஒருவர் இருக்கிறார்."

"எங்கள் குடும்பத்தில் அறுக்கிற வழக்கமில்லை, ஐயா."

செய்தித்தாளுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தவர் அசைந்தார். "இந்தக் குரலை நான் எங்கேயோ…" என்று முனகிக்கொண்டே தாளை இறக்கினார். டன்ஸ்டன் துரை. வெக்கை தாங்காமல் பெண்சாதியோடு பூரிக்குக் கடற்காற்று வாங்கப் புறப்பட்டிருந்தார்.

"பட்டாபி! நீயா?"

இத்தனை வருஷமாக அந்தக் குரல் கேட்ட மாத்திரத்தில் எழுந்து நின்று பழகிய கால்கள் தாமாகவே எழுந்து நின்றன. கம்பெனியில் இளம் வெள்ளைக்காரக் குமாஸ்தாக்கள் துரை முன்னால் தொப்பியைக் கழற்றுவதை அவர் தினம் பார்த்துப் பொறாமைப்பட்டதுண்டு. அந்தப் பொறாமைதான் கையைக் கெடுத்தது. கை உயர்ந்து தொப்பியை எடுத்துவிட்டது. இறுக்கி முடிந்த குடுமி தொப்பியின் உள்பட்டையில் சிக்கி, அவிழ்ந்து, கறுப்பும் வெள்ளையுமாகத் தோளில் வந்து விழுந்தது.



"இதுதானா கட்டி?" என்றார் கிழத் துரை. பிறகு மணியை எடுத்து அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

பித்தளை வில்லைக்காரன் ஓடிவந்தான். பின்னாலேயே ஸ்டேஷன் மாஸ்டரும் ஓடிவந்தார். அவரும் வெள்ளைக்காரர், ஆனால் நல்ல மாதிரி. பட்டாபிராமனை அதட்டவில்லை. "இந்தியக் கனவான்களுக்கென்று இதே வசதிகளோடு தனி அறை இருக்கிறதே, அதை உங்களுக்கு யாரும் காட்டவில்லையா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

டன்ஸ்டன் துரைக்குச் சங்கடமாகப் போயிற்று. கெட்ட மனிதரில்லை அவரும். தன் கம்பெனி ஆளை நாலு பேர் முன்னால் வெளியே தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு மனசில்லை. சட்டென்று ஒரு யோசனை தோன்றியது.

"இருக்கட்டும், மாஸ்டர். இவன் என் வேலைக்காரன். என்னோடுதான் வந்திருக்கிறான்."

ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "அதை முதலிலேயே சொல்லியிருந்தால் தொந்தரவே இல்லையே! வேலைக்காரர்களுக்குத் தடை ஏது?"

உண்மைதான். பங்காக்காரன், சோடாக்காரன், ஷூ துடைக்கிறவன் என்று அந்த அறையில் வெள்ளைக்காரர்களைவிட அதிக இந்தியர்கள் இருந்தார்கள். பலகை அவர்களில் ஒருவரையும் தடுக்கவில்லை. டிக்கெட் வாங்கின இந்தியன் ஒருவனைத்தான் தடுத்தது. கிழத் துரையும் சமாதானமாகி, "நின்றுகொண்டிருக்கட்டும். நாற்காலியில் மட்டும் வேண்டாம்" என்று பெருந்தன்மை காட்டினார்.

டன்ஸ்டன் துரை பட்டாபிராமனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பெரிய உபகாரம் பண்ணியிருப்பதாக அர்த்தம்.

"தாங்க் யூ, சார்" என்றார் பட்டாபிராமன். வாயிலிருந்து அதுதான் வந்தது. துரையின் நாற்காலிக்குப் பின்னால் போய், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கோபம் வரவில்லை. கோபம் வருகிற இடம் எதுவென்றே அவருக்கு மறந்துபோயிருந்தது. பாகீரதி இதைப் பார்க்கக் கூடாதே என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.

பாகீரதியின் சமாசாரம் வேறுமாதிரிப் போய்க்கொண்டிருந்தது. பிற்பாடு அவள் சொல்லித்தான் அவருக்கு முழுசும் தெரிந்தது.

பெண்களுக்கு முதல் வகுப்பில் ஒரே அறைதான். ஆண்களுக்கு இரண்டு அறை கட்டியவர்கள், முதல் வகுப்பில் இந்தியப் பெண்பிள்ளை ஒருத்தி வந்து நிற்பாள் என்று கனவிலும் நினைக்காததால், பெண்கள் அறைக்குப் பலகை பிரிக்க மறந்துவிட்டார்கள். பாகீரதி மடிசாரும் வைரத் தோடும் மூக்குத்தியுமாக நேரே உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அந்த அறைக்குப் பொறுப்பான ஆயா சென்னைப் பட்டணத்துக்காரி, சிந்தாதிரிப்பேட்டை. பாகீரதி "அம்மாடி, என்ன வெயில்" என்றதைக் கேட்டதும் கிட்டத்தட்ட அழுதேவிட்டாள்.

"தமிழா அம்மா! இந்த ஊருல வங்காளமும் இங்கிலீசும் கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போச்சு. நீங்க உக்காருங்க. எவ வந்தாலும் எந்திரிக்காதீங்க. நான் பாத்துக்குறேன்."

கொஞ்ச நேரத்தில் டன்ஸ்டன் துரையின் பெண்சாதி வந்தாள். பெரிய நாற்காலியில் இருந்த உருவத்தைக் கண்டு திகைத்தாள். தோடு போட்ட வெளிச்சம் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. முதல் வகுப்பு அறை, பக்கத்தில் விசிறியோடு ஆயா, எழுந்திருக்கிற உத்தேசமே இல்லாத ஒரு பெண்மணி. ராணியாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்?

"எந்த சமஸ்தானம் என்று கேள்" என்றாள் ஆயாவிடம்.

"எங்கேருந்து வரீங்கன்னு கேக்குறாம்மா."

"காளிகாட்டுன்னு சொல்லேன்."

"மஹாராணி ஆஃப் காளிகாட், மேம்சாஹிப்" என்றாள் ஆயா, கண்ணைக்கூட இமைக்காமல்.

மேம்சாஹிப் அப்படி ஒரு சமஸ்தானத்தைக் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டதில்லை என்று காட்டிக்கொள்ளவும் விருப்பமில்லை. தன் பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினாள். பாகீரதி கையால் மறுத்தாள். முட்டை போட்டிருப்பார்களோ என்று சந்தேகம். அந்த மறுப்பிலிருந்த தோரணையைக் கண்டு மேம்சாஹிப்பின் மரியாதை இன்னும் ஏறியது. தன் யூடிகோலோன் வாசனைத் தண்ணீர்ச் சீசாவைக் கொடுத்தாள். காலுக்கு வைத்திருந்த சின்ன முக்காலியை நகர்த்திக் கொடுத்தாள். பேச்சு வளர்ந்தது. பாகீரதி வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் சரியாக வருவதில்லை என்றாள். ஆயா அதை, சமஸ்தானத்தில் மழை குறைவு என்று மொழிபெயர்த்தாள்.

கடைசியில் பாகீரதிக்குப் பசியெடுத்தது. "இவரை எங்கே காணோம்? சம்படத்துல தயிர்சாதம் புளிக்கறதுக்குள்ள சாப்பிட்டாகணும்" என்று எழுந்தாள்.

"மஹாராணி தன் திவானைத் தேடிப் போகிறார், மேம்சாஹிப்" என்றாள் ஆயா.

"நானும் வருகிறேன். என் புருஷனுக்கு அறிமுகப்படுத்துகிறேன். அவருக்கு ராஜ குடும்பங்கள் என்றால் உயிர்" என்று மேம்சாஹிப்பும் எழுந்தாள்.

இப்படித்தான், முன்னால் மேம்சாஹிப், நடுவில் பாகீரதி, பின்னால் ஆயா என்று மூன்று பேரும் ஆண்கள் அறை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். பித்தளை வில்லைக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு சலாம் வைத்தான். உள்ளே இருந்த துரைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கிழத் துரையும் எழுந்தார்.

"ஆர்தர், இவர்கள் காளிகாட் மஹாராணி. நம்முடைய ரயிலில்தான் பிரயாணம் செய்கிறார்கள்" என்றாள் மேம்சாஹிப்.

டன்ஸ்டன் துரை இடுப்பை வளைத்து வணங்கினார்.

பாகீரதி அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தாள். தலைப்பாகை இல்லாமல், நெற்றியில் விபூதி இல்லாமல், குடுமி தோளில் புரள, தொப்பியைக் கையில் பிடித்தபடி தன் புருஷன் நிற்பதைப் பார்த்தாள்.

"ஏன்னா, இங்க என்ன நின்னுண்டிருக்கேள்? இத்தனை நாற்காலி காலியா கெடக்கே, உக்காரப்படாதோ?"

"ஓ, இவர்தான் திவானா!" என்றாள் மேம்சாஹிப் சந்தோஷமாக.

"திவானா?" துரை திரும்பிப் பார்த்தார். "இது பட்டாபி. நம் தலைமைக் கணக்கன்."

"வேலைக்காரன் என்று சொன்னீர்களே?" என்றார், ஊர்வலத்தைக் கண்டு பின்னாலேயே வந்திருந்த ஸ்டேஷன் மாஸ்டர்.

எல்லோரும் பட்டாபிராமனைப் பார்த்தார்கள். "என்ன சொல்றா இவாள்லாம்?" என்றாள் பாகீரதி. ஆயா மட்டும் கூரையைப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருந்தால் போதும். பாகீரதி ராணியாகவும் தாம் திவானாகவும் மெயில் புறப்படும்வரை சாய்வு நாற்காலியில் காலை நீட்டியிருக்கலாம். அது பட்டாபிராமனுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் வேலைக்காரன் என்றதற்குச் சும்மா இருந்தவருக்குத் திவான் என்றதற்கும் சும்மா இருக்க ஏனோ முடியவில்லை. தொண்டையைக் கனைத்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மனு எழுதுகிற இங்கிலீஷ்தான். அதிலேயே ஆரம்பித்தார்.

"தங்கள் சமூகத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், ஐயா, இந்தப் பெண்மணி என் மனைவி. காளிகாட்டில் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். நான் திவான் இல்லை. வேலைக்காரனும் இல்லை. முதல் வகுப்புப் பிரயாணி. இதற்குமேல் தெரிவிக்க ஒன்றுமில்லை."

குரல் நடுவில் இரண்டு இடத்தில் உடைந்தது. வீராவேசமாக ஒன்றும் இல்லை. ஆனால் சொல்லி முடித்ததும் துரையின் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நின்றார்.

மேம்சாஹிப்பின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்துகொண்டே போயிற்று. ஏமாந்ததுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. தன் கையால் முக்காலியை நகர்த்திக் கொடுத்ததை நினைத்துத்தான் மனசு ஆறவில்லை. "ஒரு கணக்கன் பெண்சாதிக்கு! ஆர்தர், ஒரு கணக்கன் பெண்சாதிக்கு!" என்றாள். துரை, வெயில் ரொம்ப அதிகம் என்று பொதுவாக யாரிடமோ சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். கிழத் துரை, வணங்க எழுந்ததை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் நின்றவாறே இருந்தார்.

பட்டாபிராமன் மனைவியை அழைத்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடி அறைக்கு வந்தார். தோல் வியாபாரி மறுபடியும் மூட்டையை நகர்த்தினார். பாகீரதி சம்படத்தைத் திறக்கப் போவதைப் பார்த்ததும், அவர்கள் சாப்பிடுகிறபோது தாம் பார்க்கக்கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்கவேண்டும். எழுந்து வெளியே போய்த் தாழ்வாரத்து அனலில் நின்றுகொண்டார். அப்படி அவர் எழுந்து போனது தமக்குச் சேரவேண்டிய மரியாதை என்றே பட்டாபிராமன் நினைத்தார். தயிர்சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டார்.

"அந்த மனுஷர் பாவம், வெயில்ல நிக்கறாரே. சீக்கிரம் சாப்பிடுங்கோ" என்றாள் பாகீரதி.

மெயில் ஒருவழியாக நடுராத்திரிக்கு வந்து சேர்ந்தது. வால்டேரில் கணக்கும் சரியாக இருந்தது, பிரசவமும் சுகமாக ஆயிற்று. கம்பெனியில் டன்ஸ்டன் துரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தலைமைக் கணக்கர்கள் இனிமேல் இரண்டாம் வகுப்பில் போனால் போதுமென்று, செலவுச் சுருக்கத்தை முன்னிட்டு, ஓர் உத்தரவு மட்டும் வந்தது. கம்பெனியில் தலைமைக் கணக்கர் ஒருவர்தான்.

பூஜா விடுமுறைக்குத் தங்கை குழந்தையைப் பார்க்க மறுபடியும் வால்டேர் போகவேண்டியிருந்தது. முதல் வகுப்பில்தான் போகவேண்டும் என்று பாகீரதி ஒரே பிடிவாதம். "அந்தப் பிரம்பு நாற்காலி எனக்குப் பிடிச்சுப்போச்சு" என்றாள். பட்டாபிராமன் தம் கைக்காசில் டிக்கெட் வாங்கினார்.

ஸ்டேஷனில் பெண்கள் அறை வாசலுக்குப் போனால், புதுப் பலகை ஒன்று பெயிண்ட் வாசனையோடு தொங்கியது. கோடியில், பார்சல் ஆபீசுக்கும் அப்பால், அதற்கு ஜோடியாக இன்னொரு பலகை.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் பாகீரதி.

பட்டாபிராமன் கொஞ்சம் தயங்கினார். பிறகு உள்ளதைச் சொன்னார். "இது துரைசானிகளுக்கு மட்டும். நமக்கு அங்க தனியா போட்டிருக்கா."

"எனக்குன்னே தனியா ஒரு ரூமா? போன தடவை ஒருமணி நேரம் உக்காந்ததுக்கா இவ்வளவு செலவு பண்ணியிருக்கா? பேஷ்!"

போய்ப் பார்த்தாள். பழைய சாமான் அறையைக் காலி பண்ணி ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். திரும்பி வந்து, துரைசானிகள் அறைக் கதவுக்கு நேர் எதிரே, பிளாட்பாரத்தில் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் நடுவில், டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாள். அதன்மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து அதே ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, விசிறியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். துரைசானிகளுக்கு வீச வேண்டிய விசிறி.

பட்டாபிராமன் சுற்றுமுற்றும் பார்த்தார். நாலு பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, பெட்டியின் மறு ஓரத்தில் அவரும் உட்கார்ந்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் அவசரமாக வந்தார். "ஐயா, இது வழி. உங்களுக்கென்றுதான் எல்லா வசதிகளோடும்…"

"என்ன சொல்றார்?" என்றாள் பாகீரதி.

"வழியை அடைச்சுண்டு உக்காரப்படாதாம். ரூல்."

"நாம எங்க அடைச்சோம்? அவரைச் சுத்திண்டு போகச் சொல்லுங்கோ."

பட்டாபிராமன் ஸ்டேஷன் மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை மனு இங்கிலீஷ் நினைவுக்கு வரவில்லை. அவள் சொன்னதை அப்படியே சொன்னார்.